சோயாபீன் வயல்களில் களைக் கணக்கெடுப்பு: ஏன், எப்படி?

இந்தியாவின் முக்கிய எண்ணெய் வித்துப் பயிர்களில் ஒன்றான சோயாபீன், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம், ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் பெருமளவில் பயிரிடப்படுகிறது. தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூன், ஜூலை மாதங்களில் விதைக்கப்படும் இப்பயிருடன், அதே மழையில் களைகளும் முளைக்கின்றன.

விதைத்த முதல் 45 நாள்களே பயிருக்குச் சோதனைக் காலம். அதன் பிறகு பயிரின் இலைகள் விரிந்து வரிசைகளுக்கு இடையே நிழல் படர்வதால், புதிய களைகள் எளிதில் தலைதூக்குவதில்லை. தொடக்கத்தில் களையை அகற்றத் தவறினால், விளைச்சலில் பாதிக்கும் மேல் இழக்க நேரிடலாம். 2025-26 பருவத்துக்குச் சோயாபீனின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.5,328. எனவே, ஏக்கருக்கு ஒரு குவிண்டால் குறைந்தாலும் சிறு விவசாயிக்கு அது பெரும் இழப்பாகும்.

என்னென்ன களைகள்?

சோயாபீன் வயல்களில் காணப்படும் களைகள் 3 வகைப்படும். குதிரைவாலி இனக் களைப்புல், அறுகு போன்றவை புல் வகை. கோரை தனி வகை. கானாவாழை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, குப்பைமேனி, பார்த்தீனியம் உள்ளிட்டவை அகன்ற இலைக் களைகள் எனக் கொள்ளப்படுகின்றன.

ஒவ்வொன்றின் இயல்பும் வேறு. கோரையைப் பிடுங்கினாலும் மண்ணுக்குள் தங்கிவிடும் கிழங்கிலிருந்து மீண்டும் துளிர்க்கும். கானாவாழையின் வெட்டுண்ட தண்டு ஈரமண்ணில் கிடந்தால் கணுக்களில் வேர்விடும். மண்ணுக்கு அடியிலும் அது பூத்து விதை தரும்.

கணக்கெடுப்பது எப்படி?

அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம் கொண்ட சதுரச் சட்டம் ஒன்று போதுமானது. வரப்போரங்களைத் தவிர்த்து, வயலுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, குறைந்தது 10 இடங்களில் சட்டத்தை வைக்க வேண்டும். களை மிகுந்த இடத்தையோ, குறைந்த இடத்தையோ தேடி வைக்கக் கூடாது. சட்டத்துக்குள் உள்ள களைகளை இனவாரியாக எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 10 இடங்களில் 7-இல் கானாவாழை இருந்தால், அதன் பரவல் 70 சதவீதம். அந்த 10 சட்டங்களின் மொத்தப் பரப்பு 2.5 சதுர மீட்டர். அதில் 35 செடிகள் இருந்தால், சதுர மீட்டருக்கு 14 செடிகள் என்பது அதன் அடர்த்தி. ஆய்வாளர்கள் இவற்றுடன் களைகளை உலர்த்தி எடையும் பார்ப்பர். எண்ணிக்கையில் குறைந்த களையும் பருத்து வளர்ந்து, பயிருக்குரிய நீரையும் சத்தையும் உறிஞ்சியிருக்கக் கூடும் என்பதே இதற்குக் காரணம்.

விவசாயிக்கு என்ன பயன்?

எந்தக் களை மிகுந்துள்ளது என்பதைப் பொருத்தே களைக்கொல்லியைத் தேர்வு செய்ய இயலும். குயிசலோஃபாப் ஈத்தைல் போன்றவை புல் வகைகளை மட்டுமே கட்டுப்படுத்தும். கானாவாழையும் கோரையும் நிறைந்த வயலில் அதைத் தெளித்தால் செலவுதான் மிஞ்சும். ஒரே மருந்தை ஆண்டுதோறும் பயன்படுத்தும்போது, அதற்குக் கட்டுப்படாத களைகள் போட்டியின்றிப் பெருகுகின்றன. ஆண்டுவாரியான கணக்கு இருந்தால் இம்மாற்றத்தை முன்கூட்டியே அறியலாம்.

மால்வா பகுதியின் கரிசல் மண்ணில் தொடர்ந்து மழை பெய்தால், மாடு பூட்டிக் களையெடுக்கும் 'டோரா' கருவியுடன் பல நாள்களுக்கு வயலில் இறங்க இயலாது. ஆகவே, விதைத்த 2 வாரங்களுக்குள் முதல் கணக்கெடுப்பை முடித்துவிடுவது நல்லது. 15 முதல் 20 நாள்களுக்குள் களைகள் இளஞ்செடியாக இருக்கும்போது எடுக்கும் நடவடிக்கையே பலன் தரும். 40-ஆவது நாளையொட்டி மீண்டும் எண்ணிப் பார்த்தால், எந்தக் களை தப்பியது என்பது தெரியவரும். அடுத்த ஆண்டுக்கான திட்டத்தையும் அதிலிருந்தே வகுக்கலாம்.