தாங்கி காத்த இரவு

காற்றுக்கும் நிறையுண்டு என்று கரும்பலகையில் எழுதிக் கொடுப்பது இலகு. கலைப்பட்டதாரியாகிய நாமும், விஞ்ஞான ஆசிரியர் வராத நாள்களில் அவ்வாறே எழுதிக் கொடுத்தவர்கள்தாம். ஆனால் அந்த வாக்கியத்தின் பொருளைக் கண்ணாரக் கண்டது நோர்வேயின் பேர்கன் நகரில், எம்மவர் ஒருவரின் வீட்டு நிலவறையிலேயே.

அவர் எம்மிலும் மூத்தவர். 1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் துணையோடு காரைநகரில் உருவான சீநோர் நிறுவனத்தை எமது வாசகர்கள் அறிவர். அங்கே பைபர் படகு கட்டப் பழகிய கைகள் அவருடையவை. இங்கு வந்தபின் அக்கைகள் நெடுங்காலம் தரை துடைத்தன. அண்மையில் அயலவர் ஒருவர் தமது பாய்க்கப்பலின் உடைந்த சுக்கானை அவரிடம் ஒப்படைத்தார். அது செவ்வனே முடிந்தால் மேலும் வேலைகள் வரும். பிழைத்தால் நட்டம் மட்டுமன்று, நம்பிக்கையும் போய்விடும்.

கண்ணாடி நார்த் துணியை எப்பொக்சிப் பிசினில் தோய்த்துப் படிய வைத்து, மேலே மெல்லிய உறையிட்டு, விளிம்புகளை ஒட்டி, உள்ளிருக்கும் காற்றைப் பம்பியால் இழுத்தெடுப்பர். அப்போது வெளிக்காற்றே பாரமாகி அமுக்கும். எண்பது வீத வெற்றிடத்தில் ஒரு சதுர மீற்றர் பரப்பின்மீது ஏறத்தாழ எட்டுத் தொன் அமுக்கம்! மிகைப் பிசின் வெளியேறும், படைகள் இறுகும். ஆனால் பிசின் இறுகும்வரை, அதாவது பல மணி நேரம், அந்த அமுக்கம் குன்றலாகாது.

முதல் முயற்சி அங்கேதான் தவறியது. பழைய குளிர்சாதனப் பெட்டியின் கொம்பிறசரைப் பம்பியாக்கி இடைவிடாது ஓடவிட்டார். நள்ளிரவில் அது சூடேறி நின்றது. உறை தளர்ந்தது, விடியலில் படைகளுக்கிடையே காற்றுக் குமிழிகள்.

மறுமுறை 20 லீற்றர் உருக்குத் தாங்கியொன்றை இடையில் இணைத்தார். பம்பிக்கும் தாங்கிக்கும் நடுவே ஒருவழி வால்வு. அமுக்கம் குறித்த எல்லையை அடைந்ததும் பம்பியை நிறுத்தி, குறைந்ததும் இயக்கும் ஆளி. உறைக்கும் தாங்கிக்கும் நடுவே, வழிந்து வரும் பிசினைப் பிடிக்கும் பொறி.

கணக்கை நாம் செய்தோம். உறை நிமிடத்துக்கு 0.1 லீற்றர் காற்றைக் கசியவிடுகிறது என்க. உறையும் குழாயும் சேர்ந்து ஒரு லீற்றர் கொள்ளளவு மட்டுமெனில், வெற்றிடம் 85 வீதத்திலிருந்து 75 வீதத்துக்கு ஒரு நிமிடத்தில் இறங்கும். தாங்கி சேர்ந்தால் அதே இறக்கத்துக்கு 21 நிமிடங்கள். அவ்வளவும் பம்பிக்கு ஓய்வு. எனினும் தாங்கி கசிவை மறைக்குமேயன்றி மாற்றாது. ஆகவே பிசின் கலக்கும் முன்னரே பம்பியை நிறுத்தி, அமுக்கமானி இறங்குகிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

இளைஞர்கள் கவனிக்க: மெல்லிய தகரப் பேணிகளைத் தாங்கியாக்கலாகாது, வெளியமுக்கத்தால் நசுங்கிவிடும். எரிவாயு இருந்த உருளையை வெட்டவோ ஒட்டவோ முனைவது உயிராபத்து. குளிர்சாதனப் பெட்டியின் வாயுவை உரிமம் பெற்றவரே அகற்றவேண்டும். எப்பொக்சி தோலிற் படின் ஒவ்வாமை நிலைத்துவிடலாம்; கையுறையும் காற்றோட்டமும் அவசியம்.

அன்றிரவு நாமும் உடனிருந்தோம். பம்பி சட்டென நின்றது. எமது நெஞ்சு பதைத்தது. அவரோ தேநீரை உறிஞ்சியபடி, "பயப்பிடாதேங்கோ மாஸ்ரர், பம்பி நிண்டாலும் தாங்கி பிடிச்சு வைச்சிருக்கும்" என்றார். அமுக்கமானியின் முள் அசையவில்லை.

காலையில் உறையை உரித்து, நாணயமொன்றால் சுக்கானைத் தட்டிக்கொண்டே போனார். எங்கும் ஒரே கணீரென்ற ஒலி. சுக்கானைப் பெற வந்த அயலவர், படகுத் தளம் ஒன்றையும் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். எத்தனையோ ஆண்டுகளின் பின் அவரை ஒருவர் படகு கட்டுபவராக எண்ணிக் கேட்ட கேள்வி அது. அவர் உடனே விடை கூறவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவுநாடாவைத் தேடினார்.