ஓராண்டு மழை ஒரே நாளில்

தாமிரபரணிப் படுகையில் காலநிலை மாற்றத்தைப் புரிந்துகொள்ள மழையிலிருந்து தொடங்குவதே சரி. 2023 டிசம்பர் 18 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62, பாளையங்கோட்டையில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியையே காயல்பட்டினம் ஒரே நாளில் தாண்டிவிட்டது. காட்டாறுகளும் அணைகளில் திறந்த நீரும் சேர, நெல்லையின் (திருநெல்வேலி) சந்திப்புப் பகுதி மூழ்கியது; ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் சிக்கிக்கொண்டனர்.

இந்த மழைக்கு உடனடிக் காரணம் குமரிக்கடல் பகுதியில் நிலவிய மேலடுக்குச் சுழற்சி. அத்தகைய சுழற்சிகள் முன்பும் உண்டு. 1992 நவம்பர் வெள்ளத்தை நெல்லை இன்னும் மறக்கவில்லை. மாறியிருப்பது சுழற்சிக்குக் கிடைக்கும் நீரின் அளவு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். தொழிற்புரட்சிக்கு முன் வளிமண்டலத்தில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, நிலக்கரியையும் பெட்ரோலியத்தையும் எரித்ததால் இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. பூமியின் சராசரி வெப்பமும் ஒரு டிகிரிக்கு மேல் உயர்ந்துவிட்டது. பெய்தால் பேய்மழை என்பதோடு காலநிலை மாற்றம் நிற்பதில்லை. தென்மேற்குப் பருவமழை பொய்க்கும் ஆண்டில் பாபநாசம் அணை நிரம்பாது, கார் பருவ நெல் சாகுபடி சுருங்கும், விவசாயிகள் அடுத்து வரும் பிசானப் பருவத்தை நம்பியே இருக்க வேண்டும்.

இந்தியர் ஒருவரால் ஆண்டுக்கு வெளியாகும் கரியமில வாயு சுமார் 2 டன். அமெரிக்கர் ஒருவருக்கு அது சுமார் 14 டன். ஆகவே நெல்லையின் எளிய குடும்பத்தின் மேல் பழி போடுவது நியாயமல்ல. ஆனாலும் இங்குள்ளவர்கள் கையில் சில பிடிகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது நெல் வயல்.

வயலில் நீர் தொடர்ந்து நின்றால் மண்ணுக்குள் காற்று புகாது. காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் மட்கும் வைக்கோலையும் வேரையும் சிதைத்து மீத்தேன் உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றும். மருந்து விவசாயிக்குத் தெரிந்ததே: காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மீண்டும் பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் நீர் நிற்க வேண்டும். இதனால் மீத்தேன் ஏறத்தாழப் பாதி வரை குறையும், தண்ணீரும் மிச்சமாகும். சிக்கல் ஒன்று உண்டு. கன்னடியன் கால்வாய் போன்ற கால்வாய்ப் பாசனத்தில் நீர் வயலுக்கு வயல் வழிந்து செல்கிறது; மேல் வயல்காரர் காயப்போட்டால் கீழ் வயலும் காயும். ஒரே மடையில் பாயும் விவசாயிகள் முறைவைத்துப் பேசி முடிவெடுத்தால்தான் இது நடக்கும். தனிமனிதர் செய்யக்கூடியது என்பதில் பக்கத்து வயல்காரரிடம் பேசுவதும் அடக்கம்.

வீட்டில் மின்சாரம்தான் முதல் கணக்கு. 75 வாட் பழைய மின்விசிறியை 30 வாட்டில் சுழலும் பிஎல்டிசி விசிறியாக மாற்றினால், நாளுக்கு 12 மணி நேர ஓட்டத்தில் இரு மாதத்துக்கு 32 யூனிட் மிஞ்சும். 20 கிலோவுக்கும் மேல் கரியமில வாயுவும் குறையும். சொந்தக் கூரை உள்ளவர்களுக்கு, 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட் சூரியத் தகடுகளுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது.

இன்றே உமிழ்வு நின்றாலும் ஏறிய வெப்பம் உடனே இறங்காது. எனவே பெருமழைக்கு வழிவிடுவதும் வேலையில் பாதி. அணைக்கட்டுகளில் பிரியும் கால்வாய்களும், ஒன்று நிரம்பி அடுத்ததற்கு மறுகால் பாயும் குளங்களும் முன்னோர் பாசனத்துக்கு அமைத்தவை; வெள்ள வடிகால்களும் அவையே. அவற்றில் பல தூர்ந்தன, சில ஊராகிவிட்டன. நெல்லையின் புதிய பேருந்து நிலையமே வேய்ந்தான்குளத்தில் நிற்கிறது. மனை வாங்குபவர் பத்திரத்தோடு நின்றுவிடாமல், வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டையும் கிராம வரைபடத்தையும் பார்த்து, அந்தச் சர்வே எண் குளமா, ஓடையா, வாய்க்கால் புறம்போக்கா என்று உறுதிசெய்ய வேண்டும். நீர்வழி என்று தெரிந்தால் அந்த மனையை வாங்கக் கூடாது, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.