சத்தியம் முறிந்த பின்பு

தவக்காலம் தொடங்கியதும், இனிக் குடிப்பதில்லை என்று பீடத்தின் முன் சத்தியம் செய்ய வரும் ஆண்கள் நம் பங்குகளில் உண்டு. பின்னால் மனைவி நிற்பாள். சில வேளை தாயும் நிற்பாள். உயிர்ப்பு ஞாயிறுவரை காத்தவர் உண்டு. மூன்றாம் வெள்ளியிலேயே தவறியவரும் உண்டு. தவறியவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றே: "சத்தியந்தான் போய்விட்டதே, இனி என்ன இருக்கிறது?" ஒரு குவளையோடு நின்றிருக்கக்கூடியது ஒரு வாரக் குடியாகிவிடுகிறது.

இந்த எண்ணத்தையே தம் ஆய்வின் நடுவில் வைத்தவர், சியாட்டில் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலறிஞர் ஆலன் மார்லாட். 1985-இல் ஜூடித் கார்டனுடன் இணைந்து பதிப்பித்த நூலில், சறுக்குவது வேறு, பழைய நிலைக்கே திரும்பிவிடுவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். சறுக்கியவனை மேலும் கீழே தள்ளுவது, 'நான் உருப்படமாட்டேன்' என்னும் முடிவே. விழுந்தவன் எழுந்து வரலாம் என்று பாவசங்கீர்த்தனத்தில் போதிக்கும் நாம், குடித்தவனிடம் மட்டும் எல்லாம் தீர்ந்தது என்கிறோமே!

எண்ணத்தையும் நடத்தையையும் ஒருங்கே திருத்த முயலும் இச்சிகிச்சைக்கு காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி என்று பெயர். குடிக்கும் ஆசை எந்நேரத்தில், எவ்விடத்தில், யாரோடு இருக்கையில், எந்த மனநிலையில் எழுந்தது என்று நோயாளி குறித்து வருகிறார். பின்பு ஒவ்வொன்றுக்கும் மாற்று வழியை ஆலோசகருடன் பழகிக்கொள்கிறார். நண்பர் அழைத்தால் என்ன சொல்லி மறுப்பது? ஆசை அலைபோல் எழுந்து தானே தணியும்வரை எப்படிக் காத்திருப்பது? சத்தியம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால், சனிக்கிழமை கூலி வாங்கியவர் எந்தத் தெரு வழியே வீடு திரும்ப வேண்டும் என்பதைச் சத்தியம் கற்றுத் தருவதில்லை.

பலன் உண்டா? கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் 377 ஆண்களிடையே நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற சாதாரண மனிதரே ஆலோசகர்கள். சந்திப்புகள் நான்குக்கு மேற்படவில்லை. மனத்தை ஊக்கும் உரையாடலோடு இப்பயிற்சிகளும் கலந்திருந்தன. மூன்று மாதத்தில், தீங்கு தரும் குடியிலிருந்து மீண்டவர் நூற்றுக்கு 36. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றோருள் 26. ஓராண்டு கழிந்தபோது அது 54-உம் 32-உம் ஆயிற்று. போதைப் பொருளிலும் இப்படியொரு செய்தி உண்டு: கொக்கெயின் பழக்கமுள்ளோரிடையே யேல் பல்கலைக்கழகத்தின் கேத்லீன் கரோல் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சை முடிந்த பின்னரும் முன்னேற்றம் தொடர்ந்தது.

மருந்து விற்பவனைப்போல் பேச எனக்கு விருப்பமில்லை. அமெரிக்காவில் 1,726 பேரை மூன்று முறைகளில் நடத்திப் பார்த்து 1997-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றுமே ஏறத்தாழ ஒரே அளவு பயன் தந்தன. முற்றிலும் விட்டொழிப்பதில், 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' கூட்டங்களுக்கு வழிகாட்டும் முறை முந்தி நிற்பதாக 2020-ஆம் ஆண்டின் தொகுப்பாய்வு ஒன்று கண்டது. கோவா ஆய்விலோ, கடுமையாக அடிமைப்பட்டவர் சேர்க்கப்படவில்லை. அத்தகையோர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவரை அறையில் பூட்டி வைக்காதீர்கள். முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சறுக்கிய இரவில் வீட்டார் ஒன்றும் கேட்காதிருப்பது நலம். மறுநாள் காலை, காப்பி கொடுத்த பிறகு, "நேற்று எங்கே தொடங்கிற்று?" என்று மட்டும் கேளுங்கள்.