கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சை வையாதீர்

கமக்காரர்களே,

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை நாம் "மருந்து" என்றே அழைத்து வருகின்றோம். "மருந்தடித்தாயிற்றா?" என்று ஒருவரையொருவர் வினவுகின்றோம். இப்பெயர் நாவிற் பழகப் பழக, அது நஞ்சு என்னும் எண்ணம் மனத்தை விட்டு அகன்று விடுகின்றது. பாம்பு புகுந்த வீட்டில் ஒருவரும் உறங்கார். நாசினிப் போத்தல் கட்டிலின் கீழ் இருக்கவோ வீடு முழுவதும் உறங்குகின்றது.

அச்சம் அகன்றமைக்குரிய அடையாளங்களைப் பளைப் பகுதியிலும் ஏனைய கமங்களிலும் காணலாம். அயலவரிடம் இரவல் பெற்ற களைநாசினியைச் சோடாப் போத்தலிற் கொண்டு வருதல், அளவு பாராது கண்மதிப்பில் ஊற்றுதல், வெறுங்கையாற் கலத்தல், கிணற்றுக்கட்டில் தெளிகருவியைக் கழுவுதல், வெற்றுக் கலனில் தண்ணீர் எடுத்தல் என்பன அவற்றுட் சில. மண்ணெண்ணெயையும் கழிவறை கழுவும் திராவகத்தையும் தண்ணீர்ப் போத்தலில் ஊற்றிக் குசினியில் வைப்பதும் இவ்வகையினதே. சிறு குழந்தை போத்தலைத்தான் அறியும், உள்ளிருப்பதை அறியாது. இவற்றை அறியாமை என்று மட்டுங் கூறுதல் பொருந்தாது. லேபலை வாசிக்கத் தெரிந்தவரும் இவற்றைச் செய்கின்றனர். நாள்தோறும் கையாளும் பொருளுக்கு மனம் அஞ்சுவதில்லை.

ஒரு நாழிகைத் துயரம்

இப்பழக்கத்தால் விளையும் பெருங்கேடு வேறொன்றுண்டு. போகம் பொய்த்தல், கடன், குடும்பச் சச்சரவு, மதுபோதை, பிள்ளைகள் மீது பெற்றார் கொள்ளும் சினம் ஆகியவற்றால் மனமுடைந்தவர், கண்ணெதிரே உள்ள நஞ்சை நாடி விடுகின்றனர். நெடுநாட் சிந்தித்தே இவ்வாறு செய்கின்றனர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை பெரும்பாலும் வேறானது. எமது நாட்டின் வடமத்திய மாகாண வைத்தியசாலைகளில், நஞ்சருந்திச் சேர்க்கப்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அவர்களுட் பாதிக்கு மேற்பட்டோர், எண்ணம் தோன்றி அரை மணி நேரத்துக்குள் அச்செயலைச் செய்திருந்தனர். அந்நஞ்சைத் தெரிந்தமைக்குப் பெரும்பாலோர் கூறிய காரணம், அது எளிதிற் கிடைத்தது என்பதே.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது யாதெனில், துயரம் நீடித்தாலும் அந்த வேகம் நீடிப்பதில்லை. அவ்வேளையிற் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிடின், வேகம் தணிந்து உயிர் தப்புவோர் மிகப் பலர்.

நாடு கண்ட பயன்

இது வெறும் அனுமானமன்று. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஓர் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தம்முயிரை மாய்த்துக்கொண்டனர். உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் துணைகொண்டு, மனிதருக்கு மிகக் கொடிய நாசினிகள் 1984, 1995, 1998 ஆகிய ஆண்டுகளிலும் பின்னரும் படிப்படியாகத் தடை செய்யப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. மனிதரின் துயரங்கள் பாதியாகவில்லை; துயருற்ற வேளையிற் கைக்கு அகப்பட்ட நஞ்சின் கொடுமையே குறைந்தது. தடைகளால் நெல் விளைச்சல் வீழ்ச்சியடையவில்லை என்பதையும் கமக்காரர் கவனித்தல் வேண்டும்.

எனினும், வீட்டில் ஒரு பூட்டுப் பெட்டி இருந்தாற் போதும் என்று எண்ணற்க. அநுராதபுர மாவட்டக் கிராமங்களில் வீடுதோறும் நாசினிக்குப் பூட்டுப் பெட்டி வழங்கிப் பார்த்தனர். பெட்டி வழங்கியதால் மட்டும் நஞ்சருந்தல் குறைந்ததாகத் தெரியவில்லை என 2017இல் முடிவு வெளியாயிற்று. பூட்டைப் பார்க்கிலும், வீட்டில் நாசினியே இல்லாதிருத்தல் மேலானது.

செய்ய வேண்டியவை

1. ஒரு தெளிப்புக்கு வேண்டிய அளவை மட்டும் வாங்குங்கள். அடுத்த போகத்துக்கென்று சேமித்து வைக்காதீர்கள். பூச்சியின் அளவைப் பார்த்து, தெளிப்பு வேண்டுமா என்பதைப் போதனாசிரியரிடம் முதலிற் கேட்டறியுங்கள்.

2. மிஞ்சியதை வேறு போத்தலில் ஊற்றாது, லேபலுடன் கூடிய அதே கலனில், வீட்டுக்கு வெளியே பூட்டிய இடத்தில் வையுங்கள். திறப்பை ஆணியிற் தொங்கவிடாது பொறுப்பான ஒருவர் வைத்திருக்கட்டும்.

3. வீட்டில் ஒருவர் மனமுடைந்திருப்பினும், குடித்துவிட்டுச் சச்சரவு செய்யினும், அன்றே நாசினி முழுவதையும் நம்பிக்கையான உறவினர் வீட்டிற்கு அகற்றி விடுங்கள்.

4. அவரிடம் அமைதியாகப் பேசுங்கள். "உயிரை விட எண்ணுகின்றீரா?" என்று நேரே கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகாது, மனச்சுமை இறங்கவே அது வழியாகும். தனியே விடாதீர்கள். 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

5. எவரேனும் நஞ்சை உட்கொண்டிருப்பின், சிறிதளவே என்றாலும், அவர் நலமாகத் தோன்றினாலும், உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அல்லது கிடைத்த வாகனத்தில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வாந்தியெடுக்கச் செய்யாதீர்கள். வீட்டு வைத்தியத்திற் காலம் போக்காதீர்கள். நாசினிக் கலனையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். ஏசுதலும் குற்றஞ் சாட்டுதலும் அவ்வேளைக்கு உரியனவல்ல.

கமக்காரர்களே, கத்தரியிலும் மிளகாயிலும் பூச்சி விழுந்தால் அதற்குப் பரிகாரம் உண்டு. இப்போகம் பொய்த்தால் வரும் போகம் உண்டு. போன உயிருக்கு மறுபோகம் இல்லை. இன்று மாலையே உங்கள் வீட்டிலும் வளவிலும் உள்ள நாசினிப் போத்தல்கள் எத்தனை, அவை யார் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளன என்று எண்ணிப் பார்த்து, வேண்டியவற்றைச் செய்யுங்கள்.