சிக்கலும் வெண்மணியும்

பார்க்கப் பார்க்கப் பழசாகாத படங்கள் – 14

கோயில் திருவிழா. நாகஸ்வரக் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. வாசிப்பவர் ராகத்துக்குள் ஆழமாக இறங்கிவிட்ட நேரம் பார்த்து வாணவேடிக்கை ஆரம்பிக்கிறது. கூட்டம் முழுக்க வானத்தை அண்ணாந்து பார்க்கிறது. வித்வானின் முகம் மாறுகிறது. சீவாளியை உதட்டிலிருந்து எடுக்கிறார். இனி வாசிக்க முடியாது என்று கிளம்பிவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள் கெஞ்சியும் பயனில்லை.

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் தொடக்கத்தில் சிக்கல் சண்முகசுந்தரம் நமக்கு இப்படித்தான் அறிமுகமாகிறார். நல்லவர், அழகர் என்பதெல்லாம் பிறகு தெரியவருகிறது. ரோஷக்காரர் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது.

படம் வெளியான நாள் 1968 ஜூலை 27. ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதி, கோபுலுவின் ஓவியங்களோடு வாரா வாரம் தமிழ்நாடே காத்திருந்து படித்த தொடர்கதைதான் மூலம். திரைக்கதை எழுதி இயக்கியவர் ஏ.பி.நாகராஜன். ‘நவராத்திரி’, ‘திருவிளையாடல்’ எடுத்த கை. இசை கே.வி.மகாதேவன், பாடல்கள் கண்ணதாசன். அந்த ஆண்டின் சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் இதற்குக் கிடைத்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படம். இன்றைக்கும் தொலைக்காட்சியில் எந்த இடத்தில் கண்ணில் பட்டாலும் உட்காரவைத்துவிடுகிறது.

காதல் கதை என்று சொல்லிவிட்டால் படத்தின் பாதியைத்தான் சொன்னதாகும். நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்த பெரிய மேளத்துக்கும், ஆட்டமும் நட்டுவாங்கமும் சேர்ந்த சின்ன மேளத்துக்கும் இடையே நடக்கிற போட்டி அது. பெரும்பாலும் ஒரே சமூகத்தைச் சேர்ந்த, ஒரே கோயிலை நம்பிப் பிழைத்த இரண்டு கலைகள். யார் ஒசத்தி என்ற கேள்வி அவர்களுக்குள் இருந்துகொண்டே இருந்தது. சண்முகசுந்தரமும் நடனக்காரியான மோகனாவும் ஒருவரை ஒருவர் விரும்பத் தொடங்கிய பிறகும் அந்தக் கேள்வியை விடுவதில்லை. போட்டியின் உச்சத்தில் அவரே அவளுக்குத் ‘தில்லானா’ பட்டத்தைக் கொடுக்கும்போது, ஒரு கலைஞன் இன்னொரு கலைஞரிடம் மனதாரத் தோற்கிற காட்சியைப் பார்க்கிறோம். தமிழ் சினிமாவில் அப்படிப்பட்ட தோல்விகள் குறைவு.

இந்தப் படத்தை மறுபடி பார்ப்பவர்கள் சிவாஜி கணேசனின் முகத்தை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் விரல்களையும் தொண்டையையும் கவனிக்க வேண்டும். உண்மையில் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். திரையில் அண்ணனாக சிவாஜி, தம்பியாக ஏ.வி.எம்.ராஜன். ஒலிப்பதிவிலும் சகோதரர்கள், திரையிலும் சகோதரர்கள். மூச்சை இழுத்துப் பிடிக்கும் இடம், கன்னம் உப்பும் அளவு, அடுத்தவரை வாசிக்கவிட்டுத் தான் நிறுத்தி ரசிக்கும் தலையசைப்பு என்று ஒவ்வொன்றும் அந்த நாதத்தோடு ஒட்டிப் போகிறது. பக்கத்தில் முத்துராக்குவாக டி.எஸ்.பாலையா. வலது கை விரல்களில் கூடும் இடது கையில் கழியுமாக அவர் தவிலை அணைத்து உட்காரும் தோரணையே போதும், அவர் எத்தனை திருவிழா பார்த்தவர் என்று சொல்ல.

சண்முகசுந்தரத்தின் ரோஷத்துக்குக் காவிரி டெல்டாவில் வேர் உண்டு. திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை 1956 டிசம்பரில் காலமானார். தோடி என்றாலே அவர் பெயர்தான் வரும் என்ற அளவுக்கு வாசித்தவர். அவருக்கு முந்தைய காலத்தில் நாகஸ்வரக்காரர்கள் பெரும்பாலும் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் வாசிப்பார்கள். மேடையில் உட்கார்ந்து, வாய்ப்பாட்டு வித்வான்களுக்குச் சமமாக வாசிக்கும் உரிமையை வற்புறுத்திப் பெற்றார் அவர். ஒத்துக்குப் பதில் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியோடு சேர்ந்து, நீளம் கூடிய பாரி நாகஸ்வரத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1947 ஆகஸ்ட் 14 அன்று டெல்லியில் சுதந்திரத்தை வரவேற்று ஒலித்ததும் அவருடைய வாத்தியம்தான்.

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவிலிருக்கும் நரசிங்கம்பேட்டையில் இன்றும் நாகஸ்வரம் கடைகிறார்கள். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும், பல பத்தாண்டுகள் காய்ந்த ஆச்சா மரம்தான் அவர்களுக்கு வேண்டும். 2022-இல் அந்த வாத்தியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சீவாளிக்கான நாணல் காவிரிக் கரையில் விளைகிறது. சண்முகசுந்தரம் கையிலிருக்கும் வாத்தியம் இந்த ஆற்றோடும் இந்த ஊர் ஆசாரிகளின் உழைப்போடும் சேர்ந்தது என்று தெரிந்து பார்த்தால் படத்தின் ஒவ்வொரு கச்சேரியும் கூடுதலாக ஒலிக்கும்.

மோகனாவின் கதை இன்னும் கூர்மையானது. அவளுடைய அம்மா வடிவாம்பாள், மகளை வசதியான ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டால் கரையேறிவிடலாம் என்று கணக்குப் போடுகிறாள். சி.கே.சரஸ்வதி அந்த வேடத்தில் அத்தனை கொடுமையாக இருக்கிறார். அந்தக் கணக்குக்குத் தரகராக நாகேஷின் சவடால் வைத்தி வருகிறார். சிங்கபுரம் மைனராக பாலாஜி, மதன்பூர் மகாராஜாவாக நம்பியார் என்று வாங்குபவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். வைத்தியைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் அந்த ஆள் செய்வது என்ன தொழில் என்பதைப் படம் ஒருபோதும் மறைக்கவில்லை.

இந்தப் பகுதியைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய பெயர் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார். மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர் மூவலூர். பெண்களைத் தேவதாசிகளாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை அந்தச் சமூகத்துக்குள்ளிருந்தே எதிர்த்துப் போராடியவர். 1936-இல் ‘தாசிகள் மோசவலை’ என்ற நாவலை எழுதினார். அந்த வழக்கத்தை ஒழிக்கச் சென்னைச் சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் கொண்டுவந்த மசோதா, 1947-இல்தான் சட்டமானது. அதற்கு இருபத்தோரு ஆண்டுகள் கழித்து வெளியான ஒரு வெற்றிப் படத்தின் நாயகி, ‘என் கலை விலைக்கு இல்லை, நானும் இல்லை’ என்ற உறுதியோடு நிற்கிறாள் என்றால், அந்த நெஞ்சுரத்துக்குப் பின்னால் உண்மையான பெண்களின் போராட்டம் இருக்கிறது.

பத்மினி அந்த வேடத்துக்கு வந்தது பொருத்தத்திலும் பொருத்தம். திருவனந்தபுரத்துப் பெண்ணான அவர் பரதம் கற்றது திருவிடைமருதூர் மகாலிங்கம் பிள்ளையிடம். தஞ்சைப் பாணி அவருடைய அடவுகளில் இருக்கிறது. தூணுக்குப் பின்னால் சண்முகசுந்தரம் மறைந்து நிற்பது தெரிந்தே அவர் ஆடும் ‘மறைந்திருந்தே’ பாடலில், சபைக்கு ஒரு பொருளும் தூணுக்கு ஒரு பொருளுமாக ஒரே முத்திரை இரண்டு வேலை செய்கிறது. ரயில் காட்சியில் வசனமே தேவைப்படவில்லை. சுற்றிலும் ஆட்கள் இருக்க, இரண்டு பேரின் கண்களே மொத்தக் காட்சியையும் நடத்திக்கொண்டு போகின்றன.

ஜில்ஜில் ரமாமணியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. மன்னார்குடியில் பிறந்து, சிறு வயதிலேயே மேடையேறிய மனோரமா, நாடகக் கம்பெனி நடிகையாகவே வருகிறார். அலங்காரத்தையும் வெள்ளந்தித்தனத்தையும் நெஞ்சுக்குள் இருக்கும் ஏக்கத்தையும் ஒரே மூச்சில் காட்டுகிறார். ஏ.பி.நாகராஜன், சிவாஜி, நம்பியார் ஆகிய மூவருமே நாடகக் கம்பெனிகளில் வளர்ந்தவர்கள். அந்தக் கொட்டகைக் காட்சிகளில் இருக்கும் வாசனை வெளியிலிருந்து வேடிக்கை பார்த்தவர்களால் கொண்டுவர முடியாதது.

இத்தனை நிறைவான படத்தில் தென்படாதவர்கள் ஒரு சாரார் உண்டு. வயலில் இறங்குகிறவர்கள்.

மேளக்காரருக்குக் கிடைத்த சன்மானம், கோயில் உற்சவத்துக்கான செலவு, மைனரின் மோதிரம், மடத்தின் ஆதரவு எல்லாவற்றுக்கும் மூலம் நெல். கோயில் நிலம், மடத்து நிலம், மிராசுதார் நிலம் என்று டெல்டாவின் பெரும்பகுதி சிலரிடம் இருந்தது. அதில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துக் களத்தில் சேர்த்தவர்கள் பண்ணையாட்கள். அவர்களில் பெரும்பாலோர் சேரிகளில் வாழ்ந்த தலித் மக்கள். கலையை வளர்த்த அதே நெல்தான் அவர்களுக்குப் படிக்கணக்கில் அளந்து, குறைத்துக் கொடுக்கப்பட்டது. 1952-இலேயே தஞ்சைக் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1960களில் ஆடுதுறை 27 என்ற குறுகிய காலக் குறுவை நெல் வந்து விளைச்சல் பெருகியது. கூலி மட்டும் அந்த வேகத்தில் ஏறவில்லை.

‘தில்லானா மோகனாம்பாள்’ வெளிவந்து ஐந்தாவது மாதம். 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய கீழத் தஞ்சையில் இருந்த கீழவெண்மணியில், அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டுச் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்திருந்த விவசாயத் தொழிலாளர்களின் சேரி தாக்கப்பட்டது. தப்பிக்க ராமய்யாவின் குடிசைக்குள் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கணபதியா பிள்ளை ஆணையத்தின் பரிந்துரையை வைத்து, கீழத் தஞ்சை விவசாயத் தொழிலாளர்களுக்கான நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்தது.

சண்முகசுந்தரத்தின் ஊரான சிக்கலும் கீழவெண்மணியும் இன்று ஒரே நாகப்பட்டினம் மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று எட்டாத தூரமில்லாமல் இருக்கின்றன. ஒரே ஆண்டில் இந்தப் பகுதியின் ஒரு முகம் வண்ணத்திரையில் ஜொலித்தது. இன்னொரு முகம் தீயில் கருகியது. அதனால்தான் இந்த வாரம் ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது இத்தொடர்.

அந்தப் படம் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’. ஸ்ரீதர் ராஜன் இயக்கி 1983-இல் வெளியானது. வெண்மணிச் சம்பவத்தை வைத்துக் கும்பகோணத்துக்காரரான இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ நாவலைத் தழுவியது. 1977-க்கான சாகித்ய அகாதமி விருது பெற்ற நாவல் அது. நிலவுடைமையாளரின் வன்மத்துக்கு நாவல் தேடிய உளவியல் காரணம், கூலிப் போராட்டத்தின் கனத்தைக் குறைத்துவிட்டது என்று இடதுசாரி விமர்சகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த விவாதத்தையும் தெரிந்துகொண்டு படத்தைப் பார்ப்பது நல்லது. இயக்குநரின் முதல் படத்துக்கான தேசிய விருது ஸ்ரீதர் ராஜனுக்குக் கிடைத்தது. இளையராஜா இசையில் வைரமுத்து எழுதிய ‘மனிதா மனிதா’ பாடல் படத்தைத் தாண்டி மேடைகளுக்கும் ஊர்வலங்களுக்கும் போனது.

இதைப் பார்த்த கையோடு, பாரதி கிருஷ்ணகுமாரின் ‘ராமய்யாவின் குடிசை’ ஆவணப்படத்தையும் பார்த்துவிட வேண்டும். 2005-இல் வந்தது. உயிர் பிழைத்தவர்கள் கேமரா முன்னால் உட்கார்ந்து தங்கள் வாயாலேயே சொல்கிறார்கள். கதையாக்கும் வேலையே இல்லை. வயதான அந்த மனிதர்கள் பேச்சை நிறுத்தி நிறுத்தித் தொடரும் இடங்களில், ‘குருதிப்புனல்’ எழுப்பிய விவாதத்துக்கு நேரடியான சாட்சியம் கிடைக்கிறது.

இரண்டையும் பார்த்த பிறகு ‘தில்லானா’வின் அழகு ஒரு துளியும் குறைவதில்லை. மாறாக, மைனர் வரும் காட்சிகள் இன்னும் தெளிவாகப் புரிகின்றன. கலைஞரை விலை பேசுகிறவனும் கூலியை அளந்து குறைக்கிறவனும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருந்த காலம் அது. சண்முகசுந்தரம் அவர்களிடம் தலைகுனிய மறுத்தார். வெண்மணிக்காரர்களும் மறுத்தார்கள். முன்னவருக்கு நாகராஜன் கல்யாணத்தில் முடியும் கதையைக் கொடுத்தார்.

வீட்டில் இளையவர்கள் இருந்தால் அவர்களையும் உட்காரவைத்துப் பார்க்கலாம். முதல் நாள் ‘தில்லானா’, வேறொரு நாள் ‘கண் சிவந்தால்’, பிறகு ஆவணப்படம் என்ற வரிசை நன்றாக இருக்கும். தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள், 1968-இல் ஊரில் இருந்த தாத்தா பாட்டிகளிடம் இரண்டு கேள்வி கேட்கட்டும். அப்போது உங்கள் ஊர்த் திருவிழாவில் யார் வாசித்தார்கள்? அறுப்புக் கூலி எத்தனை படி?

அடுத்த இதழில்: மாயவரத்தில் பிறந்த எம்.கே.தியாகராஜ பாகவதர் நடித்து, சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளி கண்ட ‘ஹரிதாஸ்’.