கதகதப்பான இல்லம்: உறைபனிக் காலத்திற்குச் சில ஏற்பாடுகள்

உதகையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகின்றது. காந்தல், தலைக்குந்தா போன்ற தாழ்வான பகுதிகளில் விடியற்காலையில் புல்வெளி வெண்மை போர்த்திக் கிடப்பது சுற்றுலாப் பயணிகளுக்குக் கண்கொள்ளாக் காட்சி. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதியவருக்கோ அதே விடியல் கடினமான பொழுதாக அமைகின்றது. குளிரில் தோலை ஒட்டிய இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வேலைப்பளு கூடுகின்றது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக் குழாய்கள் இறுகுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், குளிர்காலத்தில் வீட்டினுள் வெப்பநிலை 18 டிகிரி செல்சியசுக்குக் குறையாதிருக்க வேண்டும் என்கின்றது. முதியோருக்கும் நோயுற்றோருக்கும் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தேவைப்படலாம். சுவரில் தொங்கவிடும் சிறிய வெப்பமானி ஒன்றை நோயாளியின் அறையில் வைப்பது முதல் ஏற்பாடாகட்டும்.

வீட்டை அழகுபடுத்துவதும் குளிரைத் தடுப்பதும் மலைநாட்டில் ஒரே வேலையின் இரு பக்கங்கள். தோடர்களின் பழைய வீடுகளைக் கண்டவர்கள் இதை அறிவார்கள். வளைந்த கூரை, தடித்த புல்வேய்வு, தவழ்ந்து நுழையும் அளவே உள்ள வாயில் என்று ஒவ்வொன்றும் வெப்பத்தை உள்ளே பிடித்துவைக்கும் நோக்குடையது. தகரக் கூரையும் சிமெண்டுத் தரையும் கொண்ட இன்றைய வீடுகளில் அந்தக் காப்பை நாம்தான் துணியாலும் பாயாலும் உண்டாக்கிக்கொள்ள வேண்டியுள்ளது.

திரைச்சீலையிலிருந்து தொடங்கலாம். மெல்லிய துணிக்குப் பதிலாகத் தடித்த பருத்தித் துணியை இரண்டடுக்காகத் தைத்து, சன்னலின் அடிப்பலகைக்குக் கீழும் தொங்குமாறு மாட்டுங்கள். டிசம்பரில் சூரியன் தென்புறம் சாய்ந்து செல்வதால் தெற்குச் சன்னல்களில் நண்பகல் வெயில் நன்கு விழும். அந்நேரம் திரையை முழுவதும் விலக்கி, மாலை நான்கு மணிக்கெல்லாம் மூடிவிட வேண்டும். கட்டிலையோ சாய்வு நாற்காலியையோ அவ்வெயில் படும் இடத்திற்கு நகர்த்துவதற்குச் செலவு ஏதுமில்லை. கதவின் அடியிலுள்ள இடைவெளியை, பழைய புடவையைச் சுருட்டித் தைத்த துணியுருளையால் அடைக்கலாம். வண்ணத் துணியில் தைத்தால் அதுவே ஓர் அலங்காரம்.

தரையில் கயிற்றுப் பாயும் அதன்மேல் கம்பளியோ ஜமக்காளமோ விரிப்பது பாதங்களுக்கு இதம் தரும். ஆனால் ஓரம் மடங்கும் சிறு விரிப்புகள் முதியோரை வழுக்கி விழச் செய்பவை. இடுப்பு எலும்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றவர் உள்ள வீட்டில் அவற்றை அகற்றிவிடுங்கள். விரித்தே தீர வேண்டுமெனில், வழுக்காத ரப்பர் அடிவிரிப்பின்மேல் பெரிய விரிப்பாக இடுங்கள். நீலம் கலந்த வெள்ளை விளக்குகளைவிட மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. விளக்குகள் அறைக்கு இதமான தோற்றம் அளிக்கின்றன. படுக்கையிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு இரவெல்லாம் எரியட்டும்.

ஈரத்தையும் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகும் சுவர்களில் ஈரம் தங்கிப் பூசணம் படர்கின்றது. நுரையீரல் நோயாளிக்கு இது தீங்கானது. அலமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள். துவைத்த துணிகளைப் படுக்கையறையில் உலர்த்தாதீர்கள்.

இனி, நாங்கள் மிகவும் வலியுறுத்த விரும்புவது கரிக் கணப்பைப் பற்றியது. இரும்புச் சட்டியில் கரியை மூட்டி, கதவடைத்து, அதைச் சூழ்ந்து உறங்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றது. கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு உண்டாகின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைவதால், உடலுக்குப் பிராணவாயு கிட்டாமற்போகின்றது. உறங்குபவர் மூச்சுத்திணறி விழித்தெழுவதில்லை. மயக்கத்திலேயே உயிர் பிரிகின்றது. புகை இல்லை, தணல் சாம்பல் மூடிவிட்டது என்பதெல்லாம் பாதுகாப்பின் அடையாளங்கள் அல்ல. அணையும் தணலும் இவ்வாயுவை வெளியிடும். சன்னலைச் சிறிது திறந்து வைத்தால் போதும் என்ற எண்ணமும் தவறு. கரியடுப்பு படுக்கையறைக்குள் வரவே கூடாது. குளிர் காய்வதாயின் திறந்த முற்றத்தில் காய்ந்து, நீர் தெளித்து அணைத்துவிட்டு உள்ளே வாருங்கள். வீட்டிலுள்ளோர் பலருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, தலைசுற்றல், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரையும் வெளியே அழைத்துச் சென்று 108 எண்ணை அழையுங்கள்.

மின் வெப்பமூட்டியைத் திரையிலிருந்தும் போர்வையிலிருந்தும் ஒரு மீட்டர் தள்ளி வைத்து, சுவரிலுள்ள 16 ஆம்பியர் இணைப்பில் நேரடியாகச் செருக வேண்டும். நீட்டிப்புக் கம்பி வேண்டாம். வீட்டில் பிராணவாயுக் கருவி பயன்படுத்துவோரின் அறையில் மெழுகுவர்த்தியோ ஊதுபத்தியோ ஏற்றலாகாது, அழகுக்காகவும் கூடாது.

வெந்நீர்ப் பையை நீரிழிவு நோயாளியின் பாதத்தில் நேரடியாக வைக்காதீர்கள். உணர்ச்சி குன்றிய பாதம் சுடுவதை அறிவிக்காது. உறங்கும் முன் படுக்கையைச் சூடாக்கிவிட்டுப் பையை எடுத்துவிட்டு, பருத்திக் காலுறை அணிவியுங்கள். பச்சிளங் குழந்தையின் படுக்கையில் மெத்தென்ற தலையணைகளும் தளர்ந்த கம்பளிகளும் வேண்டா. அவை முகத்தை மூடிவிடக்கூடும். அடுக்கடுக்கான பருத்தி உடைகளும், விழித்திருக்கும் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துக்கொள்வதும் குழந்தைக்கு வேண்டிய வெப்பத்தைத் தரும். குழந்தையின் கை கால்கள் சற்றுக் குளிர்ந்திருப்பது இயல்பே. வயிறும் குளிர்ந்து, பால் குடிப்பதும் குறைந்தால், விடியும் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு வாருங்கள்.