"டாக்டர் இல்லையா?": மருத்துவ உதவியாளரின் பணி என்ன?

அரசாங்க கிளினிக்கில் காலையிலேயே எண் எடுத்துக் காத்திருந்து, முறை வந்து உள்ளே போனதும், "டாக்டர் இல்லையா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர் மருத்துவ உதவியாளர். அவரிடம் காட்டினால் போதுமா, பணம் செலவானாலும் தனியார் கிளினிக்கிற்கே போய்விடலாமா என்ற குழப்பம் பல குடும்பங்களில் இருக்கிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இவர் புதியவர் அல்லர். ரப்பர் தோட்டங்களில் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து, காயத்திற்குக் கட்டுப் போட்ட 'டிரசர்' ஐயாவைப் பெரியவர்கள் இன்றும் நினைவில் வைத்திருப்பார்கள். இன்று துணை மருத்துவ அதிகாரி எனப்படும் இவர்கள், மூன்றாண்டு டிப்ளோமா படித்து, 1977ஆம் ஆண்டின் மருத்துவ உதவியாளர் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவர்கள்.

மருத்துவர் பற்றாக்குறை வளர்ந்த நாடுகளையும் விட்டுவைக்கவில்லை. அமெரிக்காவில் 1965ஆம் ஆண்டில் கொலராடோ பல்கலைக்கழகம் தாதியர்களுக்கும், டியூக் பல்கலைக்கழகம் கடற்படையில் மருத்துவப் பணியாற்றியவர்களுக்கும் இத்தகைய பயிற்சிகளைத் தொடங்கின.

இவர்களின் அதிகாரத்திற்கு எல்லை உண்டு. சுகாதார அமைச்சின் மருந்துப் பட்டியலில் ஏ, பி, சி எனப் பிரிவுகள் உள்ளன. சி பிரிவு மருந்துகளை மருத்துவ உதவியாளர் எழுதித் தரலாம். பி பிரிவுக்கு மருத்துவர் வேண்டும்; ஏ பிரிவுக்கு நிபுணர் வேண்டும்.

கர்ப்பிணிகளைக் கவனிக்கும் முறையும் இதைப் போன்றதே. அவர்களின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு அடையாளங்கள் ஒட்டப்படுகின்றன. வெள்ளை என்றால் கிராம கிளினிக்கின் தாதியே கவனித்துக்கொள்வார். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டும். யாரைத் தாமே கவனிக்கலாம், யாரை மேலே அனுப்ப வேண்டும் என்று பிரித்தறிவதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி.

இதற்கு எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. 2010இல் 50 ஒரே மலேசியா கிளினிக்குகள் மருத்துவ உதவியாளர்களையும் தாதியரையும் கொண்டு தொடங்கப்பட்டன. கட்டணம் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. நோயாளிகளின் பாதுகாப்பைச் சுட்டிக்காட்டி மலேசிய மருத்துவர் சங்கம் ஆட்சேபித்தது. அந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. சாதாரண வயிற்றுவலியும் ஆபத்தான வயிற்றுவலியும் தொடக்கத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். சந்தேகம் வந்ததும் கேட்பதற்கு ஒரு மருத்துவர் பின்னால் இருந்தால்தான் இந்த முறை பாதுகாப்பானது.

இந்தியச் சமுதாயத்திற்கு இது அக்கறைக்குரிய விஷயம். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் பெரியவர்கள் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்நோய்க்கு ஒருமுறை பெரிய டாக்டரைப் பார்த்துவிட்டு ஆறு மாதம் சும்மா இருப்பது உதவாது. இரத்தத்தில் சர்க்கரை அளவையும் இரத்த அழுத்தத்தையும் முறையாகச் சோதிக்க வேண்டும். கால் புண்ணைத் தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டும். அருகிலுள்ள கிளினிக்கின் உதவியாளரும் தாதியும் இவற்றைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள்.

எனவே, "டாக்டர் இல்லை" என்று திரும்பி வந்துவிட வேண்டாம். சாப்பிடும் மருந்துகளையெல்லாம் கையோடு எடுத்துச் சென்று காட்டுங்கள். நாட்டு மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். "நான் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?" என்று தயங்காமல் கேளுங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று கை கால் விழுதல் என்றால் மட்டும் வரிசையில் காத்திருக்காதீர்கள். உடனே 999ஐ அழையுங்கள்.